குமாரமங்கலத்திலிருந்து பரங்கிமலை வரை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. கோவை பீளமேட்டில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். காபி டபராவுக்கு முன்னால் இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. நண்பரின் மகள் காக்கிச் சட்டையை விறைப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. என்.சி.சி. பரேடு! பக்கத்தில், முகம் பார்க்கலாம் போலப் பாலீஷ் போட்ட கறுப்பு பூட்ஸ்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. என்னைப் பார்த்துப் புலம்ப ஆரம்பித்தார். "ஏந்தம்பி, நீங்க நாலு எழுத்துப் படிச்சவங்க. நீங்களாச்சும் புத்தி சொல்லப்படாதா? படிச்சு முடிச்சுட்டுப் பட்டாளத்துல ஆபீசராப் போறேங்கறா. நம்ம பக்கத்துல அதுக்கெல்லாம் ஆரு போயிருக்காங்க?"

"ஆத்தா, சித்த சும்மா இருங்க" என்றாள் பேத்தி, பெல்ட்டை மாட்டிக்கொண்டே.

நான் சொன்னேன்: "இந்திய ராணுவத்துக்கே தளபதியா இருந்தவர் நம்ம திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர்தானுங்கம்மா."

கூடத்தில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. பாட்டி நம்பவில்லை. நண்பரும் நம்பவில்லை. பேத்தி செல்போனை எடுத்துத் தேடினாள். தேடிவிட்டு நிமிர்ந்தாள். "அட, ஆமாங்ப்பா!"

உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். அது ஒரு மனிதரின் கதை மட்டுமல்ல. 'ராணுவத்தில் அதிகாரி ஆகும் தகுதி யாருக்கு உண்டு?' என்ற ஒரே கேள்விக்கு நூறு வருஷமாக மாறி மாறி வந்த பதில்களின் கதை.

*

திருச்செங்கோட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது குமாரமங்கலம். இன்றைக்கு நாமக்கல் மாவட்டம். அன்றைக்கு சேலம் ஜில்லா. அந்த ஊர் ஜமீன்தார் டாக்டர் பி.சுப்பராயன். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். அவருடைய மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். பிறந்தது 1913-ல்.

பையனைப் படிக்க அனுப்பிய இடம் எது தெரியுமா? இங்கிலாந்தில் ஈட்டன்! பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அங்கிருந்து உல்விச் ராணுவ அகாடமி. பீரங்கிப் படைக்கும் பொறியாளர் படைக்கும் அதிகாரிகளைத் தயாரித்த இடம் அது. அந்தக் காலத்தில் ஓர் இந்தியன் அங்கே நுழைவது என்பது சாதாரண விஷயமில்லை. செல்வமும் செல்வாக்கும் சேர்ந்தாற்போல் வேண்டும். குமாரமங்கலம் வீட்டில் இரண்டும் இருந்தன.

இரண்டாம் உலகப் போர். 1942 மே மாதம், லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் பக்கம், ரோமெலின் டாங்கிகள் வந்து மோதின. பீரங்கிப் பிரிவுடன் நின்று சண்டையிட்டார் குமாரமங்கலம். அந்தச் சண்டைக்காக டி.எஸ்.ஓ. என்ற உயரிய பதக்கம் கிடைத்தது. கூடவே சிறையும் கிடைத்தது! போர்க்கைதியாக இத்தாலிக்குக் கொண்டு போனார்கள். தப்பித்தார். மறுபடி பிடிபட்டார். பிறகு ஜெர்மானியக் கைதி முகாம்.

இத்தாலி முகாமில் அவருடன் கைதியாக இருந்த இன்னோர் அதிகாரியின் பெயர் யாஹ்யா கான். ஆமாம், பின்னாளில் பாகிஸ்தான் ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்! 1966 ஜூனில் குமாரமங்கலம் இந்திய ராணுவத் தளபதி ஆனார். அதே ஆண்டு செப்டம்பரில் யாஹ்யா கான் பாகிஸ்தான் ராணுவத் தளபதி ஆனார். ஒரே முள்வேலிக்குள் அடைபட்டுக் கிடந்த இருவர், இருபத்துநாலு வருஷம் கழித்து எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக!

வீட்டுக்குள்ளும் ஒரு வேடிக்கை உண்டு. அண்ணன் ராணுவ ஜெனரல். தம்பி மோகன் குமாரமங்கலம் கம்யூனிஸ்ட். பின்னாளில் மத்திய அமைச்சர். தங்கை பார்வதி கிருஷ்ணனும் கம்யூனிஸ்ட். கோவை மில் தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்தவர். 1957-லும் 1977-லும் கோவை மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். கோவை பெரியவர்களிடம் 'பார்வதி அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அவருடைய அண்ணனைக் கேட்டால்தான் யாருக்கும் தெரியாது.

*

சரி, ஒரு ஜமீன்தார் மகனுக்கு வழி கிடைத்தது. மற்றவர்களுக்கு?

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒரு விசித்திரமான கொள்கையைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் சில இனங்கள்தான் 'வீர இனங்கள்'; மற்றவர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்றார்கள். இந்தக் கொள்கையின் பெரிய பிரசாரகர் ராபர்ட்ஸ் என்ற தளபதி. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்துக்கே தலைவராக இருந்தவர்தான். தென்னிந்தியச் சிப்பாய்களைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, 'இவர்கள் வேண்டாம்' என்று முடிவு கட்டினார். சென்னைப் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன.

எவ்வளவு பெரிய முரண் பாருங்கள்! இதே கொங்கு மண்ணில், ஓடாநிலையில் கோட்டை கட்டிக் கும்பினிப் படையைத் திணறடித்தவர் தீரன் சின்னமலை. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டால்தான் கும்பினிக்கு நிம்மதி என்றிருந்தது. அப்படிப் பயந்த மண்ணைப் பார்த்து, எண்பது வருஷத்தில் 'இங்கே வீரம் இல்லை' என்று எழுதிவிட்டார்கள். சங்ககிரிக்கும் குமாரமங்கலத்துக்கும் அப்படி ஒன்றும் தூரமில்லை.

சிப்பாய் நிலைமையே இது என்றால், அதிகாரி பதவி எட்டாக் கனிதானே? முதல் உலகப் போரில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் போய்ச் சண்டை போட்ட பிறகு, 1918-ல் கொஞ்சம் மனசு இறங்கினார்கள். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் கல்லூரியில் இந்தியர்களுக்கு வருஷத்துக்குப் பத்து இடம். இவ்வளவு பெரிய தேசத்துக்கு வெறும் பத்து!

அதே சமயம் இந்தூரில் ஒரு தற்காலிகப் பயிற்சிப் பள்ளியும் நடந்தது. அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர். குடகிலிருந்து வந்து படித்தவர். கரியப்பா என்று பெயர். 1949 ஜனவரி 15-ம் தேதி இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் அவர்தான். மெரினாவுக்கு எதிரே இருக்கிற கல்லூரி வகுப்பறையிலிருந்து போனவர்!

கல்லூரி மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி தரலாம் என்ற யோசனையும் அந்தப் போர்க்காலத்தில் பிறந்ததுதான். 1917-ல் 'பல்கலைக்கழகப் படை' என்று ஆரம்பித்தார்கள். 1920-ல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆனது. ஆனால், ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். பட்டதாரிப் பையன் துப்பாக்கி பிடிக்கலாம், நடை பழகலாம். அதிகாரி ஆவதற்கு அது நேர்வழி கிடையாது. படித்த இந்தியன் கையில் படையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற பயம்!

1932-ல் டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி திறக்கப்பட்டது. முதல் அணியில் 40 பேர். அதில் ஒருவர் மானெக்‌ஷா. இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். 1969 ஜூன் மாதம் ஜெனரல் குமாரமங்கலம் ஓய்வு பெறுகிறார். பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கிறார்? மானெக்‌ஷாவிடம்! பிரிட்டிஷ் அகாடமியில் பயிற்சி பெற்ற கடைசித் தளபதி, டேராடூனில் பயிற்சி பெற்ற முதல் தளபதியிடம் கோலைக் கொடுத்தார். ஒரு யுகம் முடிந்து இன்னொரு யுகம் தொடங்கிய அந்த இடத்தில் நின்றவர் ஒரு கொங்கு நாட்டுக்காரர்.

*

சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்பு, 1946-ல், ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு நாடு முழுக்க ஒரே பயிற்சிப் படை வேண்டும் என்றது குழு. 1948-ல் சட்டம் வந்தது. ஜூலை மாதம் என்.சி.சி. பிறந்தது. மறு வருஷமே பெண்கள் பிரிவும் வந்துவிட்டது.

ஆரம்பத்தில் ஆசைப்பட்டவர்கள் மட்டும் சேர்ந்தார்கள். எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது 1962. சீனா எல்லை தாண்டி வந்து அடித்தது. நம்மிடம் துப்பாக்கி போதவில்லை, குளிர் உடுப்பு போதவில்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு பற்றாக்குறை, இளம் அதிகாரிகள். சிப்பாயைச் சேர்த்துவிடலாம், முப்பது பேரை அழைத்துக்கொண்டு மலையேறும் லெப்டினென்டுக்கு எங்கே போவது?

டேராடூன் மட்டும் போதாது என்று புரிந்தது. 'அவசரகால கமிஷன்' என்று பட்டதாரிகளை அழைத்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி தர இரண்டு பள்ளிகள். ஒன்று புனாவில். இன்னொன்று, 1963 ஜனவரியில், சென்னை பரங்கிமலையில். புனா பள்ளி பிற்பாடு மூடப்பட்டுவிட்டது. பரங்கிமலை நிலைத்துவிட்டது. 1988 முதல் அதன் பெயர் ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி. மின்சார ரயிலில் பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டும்போது, அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்?

கொங்கு நாட்டிலும் அதே சமயம் ஒரு விதை விழுந்தது. 1962 ஜூலையில், உடுமலைக்குத் தெற்கே, அமராவதி அணைக்குப் பக்கத்தில் சைனிக் பள்ளி ஆரம்பமானது. ஆனைமலை அடிவாரத்தில் அரைக்கால் சட்டைப் பையன்கள் விடியற்காலை ஓட ஆரம்பித்தார்கள். குமாரமங்கலம் வீட்டுப் பிள்ளைக்கு ஈட்டன் தேவைப்பட்டது. அடுத்த தலைமுறைக்கு உடுமலை பஸ் போதும் என்று ஆனது!

1963-ல் கல்லூரி மாணவர்களுக்கு என்.சி.சி. கட்டாயம் ஆக்கப்பட்டது. விருப்பமோ இல்லையோ, வாரா வாரம் பரேடு. பஞ்சாலைச் சங்கு ஊதுகிற நேரத்துக்குக் கோவைக் கல்லூரி மைதானங்களில் 'லெஃப்ட் ரைட்' சத்தமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தலைமுறைப் பெரியவர்களைக் கேளுங்கள். தொளதொள காக்கி டிரவுசர், காலைக் கடிக்கிற பூட்ஸ், பரேடு முடிந்து கிடைக்கும் டிபன்... கதை கதையாகச் சொல்வார்கள். பூரிக்காகவே போனவர்கள் உண்டு!

*

ஆனால், அந்தக் கதையில் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் இருக்கிறது.

1965. இந்தி எதிர்ப்புப் போராட்டம். தமிழ்நாடு முழுக்கக் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிப்ரவரி 12-ம் தேதி பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. உயிர்கள் போயின. காலையில் மைதானத்தில் தேசத்துக்காக நடை பழகிய அதே மாணவன், அரசாங்கத்துக்கு எதிராகக் கறுப்புக்கொடி பிடித்தான். இரண்டும் ஒருவனே. அந்த மைதானத்தில் அவன் காதில் விழுந்த ஆணைச் சொற்கள் என்ன? 'சாவ்தான்', 'விஷ்ராம்'!

1968 ஜனவரி 23-ம் தேதி, அண்ணா முதல்வராக இருந்தபோது, சட்டமன்றம் மொழிக் கொள்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இருமொழிக் கொள்கை பிறந்த தீர்மானம் என்றுதான் எல்லோருக்கும் ஞாபகம். என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் அதில் இடம்பெற்றது. அதே 1968-ல் நாடு முழுவதும் கட்டாய என்.சி.சி. கைவிடப்பட்டது. அடுத்த வருஷம் மாற்றாக நாட்டு நலப்பணித் திட்டம் வந்தது.

இதைத் தேசபக்தி குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் போர் வந்தபோது, பரங்கிமலையில் தேறிய இளம் அதிகாரிகளும் போர்முனையில் நின்றார்கள். மாணவன் கேட்டது எளிய கேள்வி: 'நான் நாட்டுக்கு வேண்டும் என்றால், என் மொழி மட்டும் ஏன் வேண்டாம்?' கட்டாயத்தால் பரேடு நடத்தலாம். அதிகாரியை உருவாக்க முடியாது. அரசாங்கம் கற்றுக்கொண்ட பாடம் அது.

*

அப்படியென்றால் அதிகாரி எப்படித்தான் உருவாகிறார்? எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யமான ஆள் வருகிறார். வில்ஃப்ரெட் பியான். மனநல மருத்துவர். நம் மதுராவில் பிறந்த ஆங்கிலேயர்! முதல் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். 1942-ல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் நம் கேள்வியே வந்தது. 'நல்ல குடும்பம், நல்ல பள்ளி' என்று பார்த்து எடுத்த அதிகாரிகளில் பலர் பயிற்சியில் தேறவில்லை. பியான் ஒரு யோசனை சொன்னார். 'எட்டுப் பேரை விடுங்கள். ஒரு வேலையைக் கொடுங்கள். தலைவன் யார் என்று சொல்லாதீர்கள். ஓரமாக நின்று கவனியுங்கள்.'

அவ்வளவுதான்! யார் கத்துகிறான், யார் அடுத்தவன் சொல்வதைக் காதில் வாங்குகிறான், தடுமாறி நிற்பவனுக்கு யார் கை கொடுக்கிறான் என்பதெல்லாம் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடும்.

1943-ல் இந்த முறை இந்தியாவுக்கு வந்தது. இன்றைய எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு அடித்தளம் அதுதான். ஐந்து நாள் தேர்வு. திரையில் 60 வார்த்தைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி. மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். ஒரு படத்தைக் காட்டி 'கதை எழுது' என்பார்கள். கடைசியில் படமே இல்லாத வெள்ளைத் திரையைக் காட்டி, 'இதற்கும் எழுது' என்பார்கள்! வெளியே மைதானத்தில் இரண்டு கட்டை, ஒரு கயிறு, ஒரு பீப்பாய். தரையில் கால் படாமல் கடக்க வேண்டும். உளவியலாளர், நேர்காணல் அதிகாரி, குழுத் தேர்வு அதிகாரி என்று மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிட்டு, கடைசி நாளில் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள்.

இந்தத் தேர்வில் அப்பா ஜமீன்தாரா, பஸ் கண்டக்டரா என்பதற்கு மார்க் கிடையாது. குமாரமங்கலம் காலத்துக் கேள்விக்கு இது நேர் எதிரான பதில்.

என்.சி.சி.யில் 'சி' சான்றிதழ் வாங்கிய பட்டதாரிக்கு இன்னொரு சலுகை. தனி வழியில் விண்ணப்பித்தால் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமலே நேராக எஸ்.எஸ்.பி.க்குப் போகலாம். தேறினால் பரங்கிமலையில் 49 வாரப் பயிற்சி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்தக் குழு விவாதம் நடப்பது பெரும்பாலும் ஆங்கிலத்தில். தாராபுரத்தில் தமிழ் மீடியத்தில் படித்த பையனுக்குத் தலைமைப் பண்பு குறைவில்லை. வாய் திறக்கத்தான் தயக்கம். அன்றைக்கு இடறியது 'சாவ்தான்'. இன்றைக்கு இடறுவது இங்கிலீஷ். கோவைக் கல்லூரிகளில் இதற்குக் கொஞ்சம் மெனக்கெட்டாலே போதும், நிறையப் பேர் தேறுவார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பரங்கிமலையில் கிடைப்பது குறுகிய காலப் பணி. பத்து வருஷம், நீட்டித்தால் பதினாலு. நிரந்தரப் பணி கிடைக்காவிட்டால், முப்பத்தைந்து நாற்பது வயதில் ஓய்வூதியம் இல்லாமல் வெளியே வந்து புது வேலை தேட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும்.

*

அன்று பரேடு முடிந்து வந்த பெண், வியர்வையோடு சாப்பிட உட்கார்ந்தாள். பாட்டி இட்லி வைத்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தார். ஆனால், குரல் இறங்கியிருந்தது. "போனவங்கெல்லாம் நல்லபடியாத் திரும்பி வந்தாங்களா தம்பி?"

இதற்கு என்ன சொல்வது?

பரங்கிமலையில் பயின்ற மேஜர் பரமேஸ்வரன். பம்பாயில் பிறந்த தமிழர். 1987 நவம்பர் 25-ம் தேதி, அமைதிப் படையில் இலங்கையில் இருந்தபோது மார்பில் குண்டு வாங்கி இறந்தார். தமிழ் பேசுகிற மண்ணிலேயே ஒரு தமிழ் அதிகாரி விழுந்த சோகம் அது. மறைந்தபின் பரம் வீர் சக்ரா கிடைத்தது. மேஜர் முகுந்த் வரதராஜன். பி.காம். படித்தவர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இதழியல் படித்தவர். அவரும் பரங்கிமலைதான். 2014 ஏப்ரல் 25-ம் தேதி காஷ்மீரின் ஷோபியானில் வீழ்ந்தார். அசோக் சக்ரா.

பாட்டியிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "எல்லாரும் திரும்பலீங்கம்மா" என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பேத்திதான் பேசினாள். 1992-ல் பெண்களுக்குப் பரங்கிமலைக் கதவு திறந்ததைச் சொன்னாள். 2020-ல் உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உண்டு என்று தீர்ப்பளித்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்திருந்தாள். கடைசியில், "நான் தேறுவேனான்னே தெரியாது ஆத்தா. அஞ்சு நாள்ல அனுப்பிவெச்சாலும் வெச்சுருவாங்க. போய்ப் பாக்கறேனே" என்றாள்.

உண்மைதான். என்.சி.சி.யில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் அதிகாரி ஆவதில்லை. பேங்க்குக்கும், பள்ளிக்கூடத்துக்கும், பம்ப் செட் கம்பெனிக்கும்தான் போகிறார்கள். விடியற்காலை எழுவதும், பக்கத்தில் நிற்பவனோடு காலை ஒன்றாக வைப்பதும், தடுமாறுகிறவனுக்குக் கை கொடுப்பதும் மட்டும் கூடவே வருகிறது.

பாட்டி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு டம்ளர் பால். பேத்தி முன்னால் வைத்தார்.

"அந்தத் திருச்செங்கோட்டுக்காரரு பேரென்ன சொன்னீங்க தம்பி?"

"குமாரமங்கலம்."

"அது ஊருப் பேருங்க."

"அவர் பேரும் அதுதானுங்கம்மா."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "குடி அம்மிணி, ஆறிப் போயிரும்" என்றார்.